பொறுப்பு நமதல்ல, பணி நமதே



2025ம் ஆண்டு ஏப்ரல் 21ம் தேதி, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த நாள் காலையில், திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் தமது 88வது வயதில் இறைவனடி சேர்ந்தார். பதினேழு நாட்கள் கழித்து, மே 8ம் தேதி மாலையில், வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயப் புகைபோக்கியிலிருந்து வெண்புகை எழுந்தது. திருத்தந்தை பதினான்காம் லியோ அவர்கள் திருஅவையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

இடைப்பட்ட அந்த நாட்களில் உலக ஊடகங்கள் எதைப் பேசின என்பது நமக்கு நினைவிருக்கும். அடுத்தவர் யார்? எந்தக் கண்டத்தைச் சேர்ந்தவர்? முற்போக்காளரா, பழமை விரும்பியா? யாருக்கு எத்தனை வாக்குகள் கிடைக்கும்? ஏதோ ஒரு நாட்டின் பொதுத்தேர்தலைப் போலவே கணக்குகள் போடப்பட்டன. சிலர் பந்தயமும் கட்டினார்கள். நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் அலைபேசிக் குழுக்களிலும் நாமும் அந்தப் பேச்சில் கலந்துகொண்டோம். குடும்பத்தின் அடுத்த தலைவர் யார் என்று பிள்ளைகள் ஆவலோடு கேட்பது இயல்புதானே!

ஆனால், 'யார் வந்தார்?' என்ற கேள்வியோடு நம் பார்வை நின்றுவிட்டால், அந்த நாட்கள் நமக்குச் சொன்ன பெரிய செய்தியைத் தவறவிட்டுவிடுவோம். ஒரு பொறுப்பை எப்படி ஏற்பது, எப்படிச் சுமப்பது, எப்படி இறக்கி வைப்பது என்பதே அந்தச் செய்தி. கடந்த இருபது ஆண்டுகளில் திருஅவையின் தலைமைப் பணியில் நடந்தவற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் இது தெளிவாகும்.

மூன்று விடைபெறுதல்கள்

2005ம் ஆண்டு மார்ச் 27ம் தேதி, உயிர்ப்பு ஞாயிறு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்கள் தம் அறையின் சன்னலுக்கு அழைத்து வரப்பட்டார். பார்க்கின்சன் நோயால் பல ஆண்டுகள் துன்புற்றிருந்த அவர், கீழே கூடியிருந்த மக்களிடம் பேச முயன்றார். குரல் எழவில்லை. கையை உயர்த்தி, மௌனமாகச் சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர்வதித்தார். ஆறு நாட்கள் கழித்து, ஏப்ரல் 2ம் தேதி அவர் இறைவனடி சேர்ந்தார். கடைசி மூச்சு வரை அவர் பொறுப்பிலேயே இருந்தார்.

அவருக்குப் பின் வந்த திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவர்கள் செய்தது இதற்கு நேர்மாறானது. 2013ம் ஆண்டு பிப்ரவரி 11ம் தேதி, லூர்து அன்னை திருநாளன்று, புனிதர் பட்டம் தொடர்பான கூட்டத்திற்காகக் கூடியிருந்த கர்தினால்கள் முன்னிலையில், தாம் பதவி விலகுவதாக இலத்தீன் மொழியில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 85. கடவுள் திருமுன் தம் மனச்சான்றை மீண்டும் மீண்டும் ஆராய்ந்து பார்த்ததாகவும், முதுமையால் தம் வலிமை இப்பணிக்குப் போதுமானதாக இல்லை என்று உணர்ந்ததாகவும் கூறினார். தம் குறைகள் அனைத்திற்கும் மன்னிப்பும் கேட்டார். ஏறக்குறைய 600 ஆண்டுகளாக எந்தத் திருத்தந்தையும் பதவி விலகியதில்லை. 1415ல் பன்னிரண்டாம் கிரகோரி விலகியதும் திருஅவையில் அன்று நிலவிய பிளவு தீர வேண்டும் என்பதற்காகவே. யாருடைய நெருக்கடியும் இன்றி விலகியவர் என்று தேடினால், 1294ல் விலகிய ஐந்தாம் செலஸ்டின் வரை நாம் பின்னோக்கிப் போக வேண்டும்.

பிப்ரவரி 28ம் தேதி, விடைபெறும் நாளில் அவர் செய்த ஒரு செயல் நம் தியானத்திற்கு உரியது. தம்மைச் சுற்றி நின்ற கர்தினால்களைப் பார்த்து, உங்களில்தான் வருங்காலத் திருத்தந்தையும் இருக்கிறார், அவருக்கு என் நிபந்தனையற்ற மரியாதையையும் கீழ்ப்படிதலையும் இன்றே வாக்களிக்கிறேன் என்ற பொருளில் பேசினார். யார் என்று தெரிந்த பிறகு கீழ்ப்படிவது ஒன்று. யார் என்றே தெரியாமல், யாராக இருந்தாலும் கீழ்ப்படிவேன் என்று சொல்வது வேறொன்று. அந்த வாக்கைக் காத்தபடி, வத்திக்கான் தோட்டத்தில் உள்ள ஒரு சிறிய துறவு இல்லத்தில் செபத்தில் வாழ்ந்து, 2022ம் ஆண்டு டிசம்பர் 31ம் தேதி மறைந்தார்.

திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் விடைபெறுதல் மூன்றாவது வகை. 2025ம் ஆண்டு பிப்ரவரி 14ம் தேதி அவர் உரோமை ஜெமெல்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். இரு நுரையீரல்களிலும் நிமோனியா. 38 நாட்கள் அங்கே இருந்தார். அவர் பதவி விலகப் போகிறார் என்ற பேச்சு அந்நாட்களில் பலமாக எழுந்தது. உண்மையில், உடல்நலக் குறைவால் செயல்பட முடியாத நிலை வந்தால் விலகுவதாக, பொறுப்பேற்ற 2013ம் ஆண்டிலேயே ஒரு கடிதத்தில் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். 2022ம் ஆண்டு டிசம்பரில் அவரே இதை வெளிப்படுத்தினார். எனினும் அவர் விலகவில்லை. மார்ச் 23ம் தேதி மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தவர், ஏப்ரல் 20ம் தேதி உயிர்ப்பு ஞாயிறன்று பேதுரு பெருங்கோவிலின் மேல்மாடத்திலிருந்து ஈனக் குரலில் ஆசீர் வழங்கினார். திறந்த வாகனத்தில் மக்கள் நடுவே ஒரு சுற்று வந்தார். மறுநாள் காலையில் அவர் இல்லை.

இங்கே நம் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயற்கை. பதவி விலகியது தாழ்ச்சி என்றால், விலகாமல் இருந்தது பதவிப் பற்றா? இறுதிவரை சிலுவையைச் சுமந்ததுதான் பற்றுறுதி என்றால், விலகியவர் சிலுவையிலிருந்து இறங்கிவிட்டாரா? இந்தக் கேள்வியை வைத்து ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்திப் பேசுவோரும் உண்டு.

பணியாளருக்குத் தெரிந்தது ஒன்றே

இதற்கு விடையை நற்செய்தியில் தேடுவோம். லூக்கா நற்செய்தி 17ம் பிரிவில் இயேசு ஒரு பணியாளரைப் பற்றிச் சொல்கிறார். நாளெல்லாம் வயலில் உழுதோ, மந்தையை மேய்த்தோ களைத்து வீடு திரும்பும் அந்தப் பணியாளர், உடனே பந்தியில் அமர்வதில்லை. தலைவருக்கு உணவு பரிமாறிய பிறகே தாம் உண்கிறார். எல்லாம் முடிந்த பின்னும், 'கடமையைத்தான் செய்தேன்' என்பதற்கு மேல் அவர் எதையும் உரிமை கொண்டாடுவதில்லை.

இந்த உவமை சற்றுக் கடுமையாகவே நம் காதில் விழும். பாராட்டும் இல்லை, ஓய்வும் இல்லையா என்று தோன்றும். ஆனால் இதில் ஒரு விடுதலையும் இருக்கிறது. வயல் தலைவருடையது, மந்தையும் தலைவருடையது. எப்போது வயலுக்குப் போக வேண்டும், எப்போது வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதை அவர் சொல்வார். பணியாளர் செவிமடுத்தால் போதும். 'நான் இல்லாவிட்டால் வயல் என்னாகும்?' என்ற பாரம் பணியாளரின் தோளில் ஏற்றப்படவில்லை.

இந்தக் கண் கொண்டு பார்த்தால், இருக்கச் சொன்னபோது இருந்தவரும், போகச் சொன்னபோது போனவரும் ஒரே கீழ்ப்படிதலையே வாழ்ந்திருக்கிறார்கள் என்பது விளங்கும். இருவரும் தம் வசதியைக் கேட்டு முடிவெடுக்கவில்லை. கேள்விக்குறிக்கு உள்ளாக வேண்டியவர், ஆசைக்காக ஒட்டிக்கொண்டு இருப்பவரும், அச்சத்துக்காக ஓடிப்போகிறவருமே. திருஅவைச் சட்டமும் இதைத்தான் மனத்தில் கொண்டுள்ளது. திருத்தந்தை பதவி விலகலாம். ஆனால் அது அவரது முழுச் சுதந்திரத்துடன் செய்யப்பட்டு, முறையாக வெளிப்படுத்தப்பட வேண்டும் என்கிறது சட்ட எண் 332. ஆயர்களும் பங்குத்தந்தையரும் 75 வயது நிறைவுற்றதும் பதவி விலகல் கடிதம் அளிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அதை எப்போது ஏற்பது என்பது அவர்கள் கையில் இல்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த சொல் வரும்வரை அதே ஆர்வத்தோடு பணியைத் தொடர வேண்டும். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த பெரிய கிரகோரியார் தம்மைக் கடவுளின் பணியாளர்களுக்குப் பணியாளர் என்று அழைத்துக்கொண்டார். அப்பெயரை இன்றுவரை திருத்தந்தையர் தாங்கி வருகிறார்கள்.

இரவு ஏழு மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு

கடமை என்றதும் பெரிய செயல்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் இறுதிக் காலத்தில் மிகவும் பேசுகின்ற செயல் ஒரு சிறிய தொலைபேசி அழைப்புதான். 2023ம் ஆண்டு அக்டோபரில் காசாவில் போர் தொடங்கியதிலிருந்து, அங்குள்ள ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலயத்திற்கு ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் அவர் தொலைபேசியில் அழைத்து வந்தார். எப்படி இருக்கிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், குழந்தைகள் எப்படி என்று விசாரிப்பார். மருத்துவமனையில் மூச்சுக்குப் போராடிய நாட்களிலும் அழைத்தார். இறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன், புனித சனியன்றும் அழைத்தார்.

அந்த அழைப்புகளால் போர் நின்றுவிடவில்லை. குண்டுகள் ஓயவில்லை. உலக அரசியலின் அளவுகோலில் அவை பயனற்றவை. ஆனால் ஆலய வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்களுக்கு, தங்களை மறக்காத ஒருவர் இருக்கிறார் என்ற உறுதியை அவை தந்தன. தம்மால் முடியாததை நினைத்து முடிந்ததையும் விட்டுவிடாதிருப்பதுதான் கடமை. இறப்பதற்கு நான்கு நாட்களுக்கு முன், பெரிய வியாழனன்று, உரோமை நகரின் ரெஜினா சேலி சிறைக்குச் சென்றார். முந்தைய ஆண்டுகளில் கைதிகளின் பாதங்களைக் கழுவியவர், இந்த ஆண்டு அதைச் செய்ய இயலவில்லை, ஆனாலும் உங்கள் அருகில் இருக்க விரும்புகிறேன் என்று அவர்களிடம் சொன்னார். குனிய முடியாத உடல். ஆனால் உள்ளம் குனிந்திருந்தது.

தாழ்ச்சியின் பெயரால் வாய்மூடவேண்டாம்

இங்கே நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். தாழ்ச்சி என்ற சொல் நம்மிடையே பல வேளைகளில் மேலிருந்து கீழ்நோக்கியே பேசப்படுகிறது. அதிகாரத்தில் இருப்பவர், இல்லாதவரைப் பார்த்து, 'தாழ்ச்சியாக இரு, கேள்வி கேட்காதே' என்கிறார். அநீதியைச் சுட்டிக்காட்டும் அருட்சகோதரியும், பங்கின் கணக்கு வழக்கைக் கேட்கும் இளைஞரும் தாழ்ச்சி இல்லாதவர்கள் என்று முத்திரை குத்தப்படுகிறார்கள். இது நற்செய்தி கற்றுத்தரும் தாழ்ச்சி அன்று. யோவான் நற்செய்தி 13ம் பிரிவில் எழுந்து, மேலாடையைக் களைந்து, துண்டைக் கட்டிக்கொண்டவர் சீடர்களில் ஒருவர் அல்லர், ஆண்டவர்தாம்.

அதிகாரத்தில் இருப்பவரின் தாழ்ச்சி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2018ம் ஆண்டு சிலே நாட்டுத் திருஅவையில் நடந்ததே சான்று. அருள்பணியாளர் ஒருவர் இழைத்த பாலியல் கொடுமைகளை மூடி மறைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த ஆயர் ஒருவரை, அவ்வாண்டு சனவரியில் அந்நாட்டிற்குச் சென்றிருந்த திருத்தந்தை பிரான்சிஸ் ஆதரித்துப் பேசினார். பாதிக்கப்பட்டோர் மனம் நொந்தனர். பின்னர் அவர் விசாரணைக்கு ஆள் அனுப்பினார். அறிக்கை வந்ததும், ஏப்ரல் மாதத்தில், நிலைமையைக் கணிப்பதில் தாம் கடுமையான தவறுகள் செய்ததாக வெளிப்படையாக எழுதி மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டோரை வத்திக்கானுக்கு அழைத்து அவர்களுக்குச் செவிகொடுத்தார். அடுத்த மாதம் அந்நாட்டு ஆயர்கள் அனைவரும் தங்கள் பதவி விலகலை அவரிடம் அளித்தனர். கொடுமைகளை மூடி மறைப்போருக்கும் பொறுப்புண்டு என்று வகுத்த விதிமுறைகள் 2019ம் ஆண்டு மே மாதத்தில் வெளியாகின.

காயங்கள் இதனால் முழுவதும் ஆறிவிட்டன என்று நாம் சொல்லத் துணியமாட்டோம். ஆனால், உலகின் மிகப் பழமையான பொறுப்புகளில் ஒன்றை வகிப்பவர், 'நான் தவறினேன்' என்று எழுதியபோது அப்பொறுப்பின் மாண்பு குறையவில்லை. தவறை மறைத்திருந்தால்தான் அது குறைந்திருக்கும்.

விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் மற்றொருவர்

தாழ்ச்சியையும் கடமையையும் தாங்கி நிற்கும் தூண் ஒன்று உண்டு, அதுவே இறைநம்பிக்கை. என் கையை விட்டுப் போன பின்னும் இந்தப் பணி கடவுளின் கையில் இருக்கிறது என்று நம்புகிறவர்தான் அமைதியாக விடைபெற முடியும்.

நம் முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயரைச் சொல்லாத வீடு குறைவு. 1542ல் அவர் இக்கரைக்கு வந்தார். கையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தாம் சிரமப்பட்டு மனப்பாடம் செய்த தமிழில் செபங்களைக் கற்றுக்கொடுத்தார். சில ஆண்டுகளிலேயே இங்கிருந்து மலாக்கா, மொலுக்கா தீவுகள், ஜப்பான் என்று அவர் பயணம் நீண்டது. 1552ம் ஆண்டு டிசம்பர் 3ம் தேதி, சீன நாட்டுக்குள் நுழையக் காத்திருந்த நிலையில், அதன் கரைக்கு அருகே உள்ள சான்சியான் தீவில் காய்ச்சலால் இறந்தார். மனித கணக்கில் அது நிறைவேறாத பயணம். ஆனால் அவர் விட்டுச் சென்ற இக்கரையில் நம்பிக்கை பட்டுப்போகவில்லையே! அவருக்குப் பின் வந்தவர்களும், பெயர் தெரியாத உபதேசியார்களும், பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்த தாய்மாரும் அதற்கு நீர் ஊற்றினார்கள். மோசேயும் வாக்களிக்கப்பட்ட நாட்டை மலைமேல் நின்று பார்த்ததோடு சரி. அதற்குள் மக்களை அழைத்துச் சென்றவர் யோசுவா.

இன்றைய திருத்தந்தையின் வாழ்விலும் இதைக் காண்கிறோம். அகுஸ்தினார் சபைத் துறவியான அவர், 2001 முதல் 2013 வரை அச்சபையின் உலகத் தலைவராக இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் முடிந்ததும் என்ன செய்தார்? சிக்காகோவில் உள்ள தம் மாநிலச் சபைக்குத் திரும்பி, இளம் துறவிகளுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை ஏற்றார். துறவு சபைகளில் இது வியப்பான செய்தி அன்று. நேற்றுவரை தலைவி, இன்று பள்ளி ஆசிரியை. நாளை சமையலறைப் பொறுப்பாளர். பின்னர் பெரு நாட்டுச் சிக்லாயோ மறைமாவட்டத்தின் ஆயராக அவர் அனுப்பப்பட்டதும், இறுதியில் பேதுருவின் வழிவந்தவரானதும் அவர் போட்ட திட்டம் அல்ல. திருத்தந்தையாகத் தேர்வான மறுநாள் நிறைவேற்றிய திருப்பலியில், அந்தியோக்கு நகர் புனித இஞ்ஞாசியாரை நினைவுகூர்ந்து, திருஅவையில் அதிகாரப் பணி செய்வோர் கிறிஸ்து நிலைத்திருக்கும்படி தாங்கள் மறைய வேண்டும், அவர் அறியப்படும்படி தாங்கள் சிறியவராக வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தினார்.

நம் பங்குகளில்...

இவையெல்லாம் உரோமையில் நடப்பவை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது.

பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் மறைமாவட்டங்களில் பணிமாற்றப் பட்டியல் வெளியாகிறது. வாகனம் பிடித்து, புதிய பங்குவரை சென்று தங்கள் பங்குத்தந்தையை விட்டுவரும் அழகான வழக்கம் நம் மக்களுக்கு உண்டு. ஆனால் சில இடங்களில், 'இவரை மாற்றக்கூடாது' என்று மனுவும் சுவரொட்டியும் கிளம்புகின்றன. 'அவர் வரக்கூடாது' என்று ஆலயக் கதவை அடைப்பதும் நடக்கிறது. அன்பு என்று நாம் எண்ணுவது பல நேரங்களில் நம்மையும் அறியாமல் உரிமை கொண்டாடுவதாகிவிடுகிறது. புதிதாக வருபவரை முன்னவரோடு ஒப்பிட்டே சோர்வடையச் செய்யும் பழக்கமும் நம்மிடம் உண்டு.

பொதுநிலையினராகிய நமக்கும் பொறுப்புகள் உண்டு. பங்குப் பேரவை, அன்பியம், மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, பாடகர் குழு, திருவிழாக் குழு... எத்தனை ஆண்டுகளாக ஒரே நபர் ஒரே நாற்காலியில் இருக்கிறார்? அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தாரா? கொடியேற்றத்தில் யார் முன்னே நிற்பது, அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வருவது என்பதற்காக எத்தனை ஊர்களில் திருவிழாவே நின்று போயிருக்கிறது! ஆலயத்துக்குக் கொடுத்த குழல் விளக்கில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதுவதை நாம் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். ஆனால் பேதுருவின் வழிவந்த ஒருவர் தம் கல்லறை மண்ணிலே எளிமையாக அமைய வேண்டும், அலங்காரம் வேண்டாம், 'பிரான்சிஸ்குஸ்' என்ற பெயர் மட்டும் போதும் என்று தம் உயிலில் எழுதி வைத்தார். புனித மேரி மேஜர் பெருங்கோவிலின் படிகளில் அவரது உடலை வரவேற்கக் காத்திருந்தவர்கள் கையில் வெண்மலர் ஏந்திய ஏழைகள்.

நாம் மறந்துவிடுகிற இன்னொரு கூட்டம் உண்டு. அதிகாலை மணியடித்து ஆலயம் திறக்கும் கோயில்பிள்ளை. ஐம்பது ஆண்டுகள் மருந்தகத்திலும் பள்ளியிலும் உழைத்து, இன்று கன்னியர் இல்லத்தின் நோயாளர் அறையில் செபமாலையோடு படுத்திருக்கும் அருட்சகோதரி. நமக்குத் திருமுழுக்கும் புதுநன்மையும் தந்து, இப்போது ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்தில் வாசலைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் முதிய அருள்தந்தை. கடமையைத்தான் செய்தோம் என்று அவர்கள் சொல்லலாம். ஆனால், கடமையைத்தானே செய்தார்கள் என்று நாம் சொல்லிவிடக் கூடாது. இவர்களில் ஒருவரையாவது இந்த மாதம் குடும்பத்தோடு சென்று சந்திப்போம். பிள்ளைகளுக்கு இறையழைத்தல் பற்றிய மறைக்கல்வி வகுப்பு இதைவிடச் சிறப்பாக அமையாது.

அன்பானவர்களே, நம் கையில் இருக்கும் பொறுப்பு எதுவாயினும், இறைவன் முன் அமைதியாக அமர்ந்து மூன்று கேள்விகள் கேட்டுப்பார்ப்போம். இதை நான் எனக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறேனா, மக்களுக்காகச் சுமக்கிறேனா? தவறும்போது, தவறினேன் என்று சொல்லும் துணிவு எனக்கு இருக்கிறதா? நாளை இதை வேறொருவரிடம் கொடுக்கச் சொன்னால், அவருக்காக மனமாரச் செபிக்க என்னால் முடியுமா?

இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை சொல்லும் அருளை ஆண்டவரிடம் கேட்போம். நம் திருத்தந்தைக்காகவும், ஆயர்களுக்காகவும், குருக்கள், துறவியருக்காகவும், நம் பங்கில் ஓசையின்றி உழைக்கும் ஒவ்வொருவருக்காகவும் மன்றாடுவோம். வயல் அவருடையது, அறுவடையும் அவருடையதே. உழைக்கும் பேறு மட்டும் நமக்குத் தரப்பட்டிருக்கிறது. அதுவே நமக்குப் போதும்.